வசாய் பக்கம் ஒரு நாள்: முட்டி வலி உள்ள அப்பா, 10 வயசுப் பொண்ணு, என்னென்ன பார்க்கலாம்?

#1 செம்பூர்க்காரி

வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்துல ஊர்லேருந்து அப்பா அம்மா வர்றாங்க. கேட்வே, எலிஃபெண்டா, சித்திவிநாயக் எல்லாம் அவங்க பார்த்தாச்சு. இந்தத் தடவை வசாய், விரார் பக்கம் ஒரு நாள் போகலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு முட்டி வலி. சமதரையில நடப்பார், படின்னா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறணும். கூட 10 வயசுப் பொண்ணு. கோட்டை, பீச், ஜீவ்தானி மலைக்கோயில், துங்காரேஷ்வர், நாலாசோபாரா ஸ்தூபி, இவ்வளவும் ஒரே நாள்ல முடியுமா? ரயில்ல போறதா, கார்லயா? அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க சொல்லுங்க.

#2 விரார்_ஃபாஸ்ட்

ஐந்தும் முடியாது மேடம். வசாயில் திட்டம் போடும்போது முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள். மேற்கில் கோட்டை, கடற்கரை, சர்ச்சுகள், சோபாரா ஸ்தூபி, அர்னாளா. கிழக்கில் ஜீவ்தானி, துங்காரேஷ்வர், ஹைவே, அருவிகள். வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போக மேம்பாலம் ஏறி, நெரிசலில் நின்று, வேறு ரிக்‌ஷா பிடிக்க வேண்டும். அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். உங்கள் அப்பாவுக்கு மேற்கு மட்டும் போதும்.

ரயில்தான் சரி, அதுவும் வாரநாளில். காலையில் விராரிலிருந்து சர்ச்கேட் போகும் வண்டியில் மூச்சு விட முடியாது. நீங்கள் எதிர்த்திசையில் வருகிறீர்கள், உட்கார இடம் கிடைக்கும். மாலையிலும் அப்படித்தான்: கூட்டம் விராரை நோக்கி வரும்போது நீங்கள் நகரத்துக்குத் திரும்புகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சௌகரியம் கிடையாது. நாள் முழுக்க இரண்டு திசையிலும் கூட்டம், ஜம்போ பிளாக் (பராமரிப்புக்காகப் பாதையை மூடுவது) இருந்தால் ஃபாஸ்ட் வண்டிகளை ஸ்லோ பாதையில் விடுவார்கள், தாமதமாகும்.

செம்பூரிலிருந்து குர்லா, குர்லாவிலிருந்து தாதர், அங்கே வெஸ்டர்ன் பக்கம் போய் விரார் ஃபாஸ்ட். தாதரிலிருந்து வசாய் ரோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம். தாதர் பாலம் அப்பாவுக்குக் கஷ்டம் என்றால் காட்கோபரில் மெட்ரோ ஏறி அந்தேரியில் மாறலாம், மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் உண்டு. ஆனால் அந்தேரியில் ஏறும்போது உட்கார இடம் கிடைப்பது தாதரைவிடக் குறைவு. ஏசி லோக்கலுக்குத் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட்டோடு ஏறினால் அபராதம்.

காரில் வந்தால் தாணே வழியாக கோட்பந்தர் ரோடு, பிறகு கழிமுகப் பாலம், பிறகு ஹைவே. கோட்பந்தரில் காய்முக் பக்கம் ஏற்றத்தில் ஒரு லாரி நின்றுவிட்டால் பின்னால் வரிசை நீண்டுவிடும். அந்தக் கழிமுகப் பாலத்துக்கும் வெர்சோவா என்றுதான் பெயர். அந்தேரி வெர்சோவா என்று நினைத்து மேப்பில் தப்பாகப் போட்டுவிடாதீர்கள்.

#3 கருங்கல்

கோட்டையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஸ்டேஷன் மேற்கில் இறங்கினால் கோட்டை சுமார் 7 கி.மீ. விவிஎம்டி பஸ் உண்டு, மராத்தியில் ‘கில்லா பந்தர்’ என்றோ ‘வசாய் காவ்’ என்றோ போர்டு இருக்கும். ஷேர் ரிக்‌ஷா பார்நாக்கா வரை வரும், அங்கிருந்து கோட்டைக்கு இன்னொரு ரிக்‌ஷா. முட்டி வலி உள்ளவர் கூட இருப்பதால் ஸ்டேஷனிலேயே தனி ரிக்‌ஷா பேசிவிடுங்கள். ஏறுவதற்கு முன்னால் ‘கோட்டைக்குள் நிறுத்தி நிறுத்திப் போகணும், இரண்டு மணி நேரம் காத்திருக்கணும்’ என்று தெளிவாகச் சொல்லித் தொகையை முடிவு செய்யுங்கள். தார் ரோடு கோட்டைக்குள்ளேயே ஓடிக் கடல் வாசல் பக்கமுள்ள ஜெட்டி வரை போகிறது. ரிக்‌ஷா உள்ளே வரும் என்பதால் அப்பா அதிகம் நடக்க வேண்டியதில்லை.

இது மலைக்கோட்டை இல்லை. தட்டையான நிலத்தில், சுமார் 4.5 கி.மீ. சுற்றளவு மதிலுக்குள் இருந்த ஒரு முழு நகரம். 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, போர்ச்சுகீசிய கவர்னர் நூனோ ட குன்யாவுடன் செய்த ஒப்பந்தத்தில் வசாய் போர்ச்சுகீசியரிடம் போனது. மும்பையின் ஏழு தீவுகளும் அதே ஒப்பந்தத்தில் சேர்ந்து போனவைதான். அதன் பிறகு 1739 வரை, கோவாவுக்கு வடக்கே அவர்களுக்கு இதுதான் தலைமையிடம்.

உள்ளே பார்க்க வேண்டியவை:

நில வாசல். நேராக உள்ளே போக முடியாது, வழி திரும்பித் திரும்பிப் போகும். முட்டித் தள்ளும் படை ஓடி வந்து வேகம் எடுக்க இடம் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

சான் செபஸ்தியான் உள்கோட்டை வாசல். நிலை மேலே போர்ச்சுகீசிய அரச முத்திரையும் வளையங்கள் பின்னிய வான்கோளமும் செதுக்கியிருக்கும். பொண்ணுக்கு அந்தக் கோளத்தைக் காட்டுங்கள், இன்றும் போர்ச்சுகல் கொடியில் அது இருக்கிறது.

ஃபிரான்சிஸ்கன் சர்ச். கூரை போய்விட்டது, வளைவுகள் நிற்கின்றன. கீழே குனிந்து பாருங்கள். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், பெயர், குலச்சின்னம், போர்ச்சுகீசிய வாசகம். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து படிக்கும்படி தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். கோட்டைக்குக் காலையில் போகச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

ஜெசூயிட் சர்ச். முகப்புத் தூண்களின் வேலைப்பாட்டை நிதானமாகப் பார்க்கலாம். வசாயில் பிறந்து 1597-இல் நாகசாகியில் சிலுவையில் கொல்லப்பட்ட கொன்சாலோ கார்சியாவின் பெயரில் இங்கே இன்றும் வருடாந்திரத் திருவிழா நடக்கிறது. 1862-இல் புனிதர் பட்டம் பெற்றவர், இந்தியாவில் பிறந்தவர்களில் முதல்வர்.

கடல் வாசல் பக்கம் புனித ஜோசஃப் சர்ச் கோபுரம். உள்ளே குறுகலான சுழல் படி. ஏற வேண்டாம். படிகள் உடைந்திருக்கின்றன, உள்ளே இருட்டு, அரச மர வேர் கல்லைப் பிளந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. வீடியோவுக்காக ஏறுகிறவர்களைப் பார்த்துப் பொண்ணும் கேட்பாள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பழைய கோவாவின் போம் ஜேசு பேராலய முகப்பில் செதுக்கு வேலைக்கு உபயோகித்த கருங்கல் வசாயிலிருந்து கடல்வழி போனது. கோவா போய் அந்த முகப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லின் ஊர் இதுதான் என்று தெரிந்தால் பார்வையே மாறும்.

#4 செம்பூர்க்காரி

கருங்கல் சார், ரொம்ப நன்றி. உள்ள தண்ணி, டாய்லெட் எல்லாம் இருக்கா? பாம்பு பயம்னு வேற சொல்றாங்க.

#5 கருங்கல்

இரண்டையும் நம்பிப் போக வேண்டாம். ஸ்டேஷனிலோ, அம்பாடி ரோடு பக்கம் டிபன் சாப்பிடும் இடத்திலோ டாய்லெட் போய்விட்டு வாருங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

பாம்பு பயம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். மழை முடிந்து புல் இடுப்பளவு நிற்கும், ஒற்றையடிப் பாதையே தெரியாது. டிசம்பரில் புல் காய்ந்து படுத்துவிடும். இருந்தாலும் இடிந்த அறைகளுக்குள் கல் குவியல் மேல் கை ஊன்றி ஏறக் கூடாது. செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடச் சொல்லுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் கொசு அதிகம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், டிரோன் பறக்கவிட அனுமதி கிடையாது.

சிமாஜி அப்பா நினைவிடத்தில் அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிமாஜி, மராத்தியப் பேஷ்வா (பிரதம மந்திரி) பாஜிராவின் தம்பி. 1739 மே மாதம் மதிலுக்கு அடியில் சுரங்கம் வைத்து வெடித்து வழி உண்டாக்கி இந்தக் கோட்டையைப் பிடித்தார். இங்கிருந்த சர்ச் மணிகள் வெற்றிச் சின்னமாகக் கோயில்களுக்குப் போயின. நாசிக்கில் நாரோசங்கர் கோயிலில் தொங்குவது அப்படிப் போன ஒன்று. மணியில் 1721 என்று ஆண்டு வார்த்திருக்கும்.

#6 தாராவி_அண்ணாச்சி

எல்லாரும் கோட்டை கோட்டைன்னே சொல்லுதியளே, துங்காரேஷ்வரை விட்டுட்டியளே. சிவன் கோயில், சுத்திலும் காடு, ஊர்லேருந்து வந்த பெரியவங்களுக்கு அதைவிட மனசுக்கு எது நிறையும்? வசாய் ரோடு கிழக்குல இறங்கி, ஹைவேயில சாத்திவலி பக்கம் துங்காரேஷ்வர் ஃபாட்டான்னு (ரோடு பிரியுற இடம்) சொன்னா ரிக்‌ஷாக்காரன் கொண்டுபோய் விட்டுருவான். சரணாலய நுழைவுல டிக்கெட் உண்டு, சில்லறை வச்சுக்கிடுங்க. 2003-ல சரணாலயமா அறிவிச்சது, 85 சதுர கி.மீ. சஞ்சய் காந்தி பூங்காவுக்கும் தான்ஸா காட்டுக்கும் நடுவுல சிறுத்தை போய்வர பாதையே இதுதான். அதனால இருட்டுறதுக்கு முன்னால இறங்கிரணும்.

#7 விரார்_ஃபாஸ்ட்

அண்ணாச்சி, இடத்தில் குறை இல்லை. ஆனால் இவர்கள் கேட்டது முட்டி வலி உள்ளவருக்கு. ஃபாட்டாவிலிருந்து கோயில் சில கி.மீ. உள்ளே, ஏற்றம், வழியில் ஓடைகள் பாதையின் குறுக்கே ஓடும். மழைக்காலத்தில் பாசிக் கல் மேல் கால் வைக்க வேண்டும். டிசம்பரில் தண்ணீர் குறைந்தாலும் கூழாங்கல் உருளும், முட்டிக்கு அது ஏற்றத்தைவிட மோசம். வண்டியை உள்ளே விடுவது அன்றைய வனத்துறை முடிவைப் பொறுத்தது. 20, 30 வயசுக்காரர்கள் ஒரு காலைப்பொழுது நடக்க அருமையான இடம். இவர்களுக்கு வேண்டாம்.

இதே இழையைப் பிறகு மழைக்காலத்தில் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சின்சோட்டி அருவிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. நின்ற இடத்தில் தண்ணீர் மளமளவென்று ஏறும், கீழே உள்ள குளத்தில் பாறை இடுக்கில் சுழல் இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அதில் போயிருக்கிறார்கள். போலீஸ் தடை உத்தரவு அடிக்கடி வரும், வராத நாளிலும் ஆபத்து அதேதான்.

#8 தாராவி_அண்ணாச்சி

முட்டி வலியைச் சொன்னது சரிதான் தம்பி. அப்போ மகள், அப்பாவைக் கோட்டைக்கே கூட்டிட்டுப் போங்க. அங்கயும் நாகேஷ்வர் கோயில் இருக்கு, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு.

#9 ஓதம்_பார்ப்பவன்

பீச் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. வசாயில் கடற்கரைக்குப் போகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள்.

இந்தக் கரை சரிவே இல்லாத தட்டைக் கரை. நீர் மட்டம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய நாட்களில் 4 மீட்டருக்கு மேல் மாறும். தட்டைக் கரையில் அவ்வளவு இறங்கினால் கடல் கண்ணுக்கு எட்டாமல் உள்ளே போய்விடும், நடுவில் வெறும் சேறு. ‘கடலே இல்லையே’ என்று குழந்தைகள் அழுவது அப்போதுதான்.

மும்பைக் கரைக்குக் கணக்கு சுலபம். அமாவாசை, பௌர்ணமி அன்று ஏறக்குறைய உச்சி வேளையில் நீர் முழுதாக ஏறியிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு திதிக்கும் 48 நிமிடம் தள்ளிப் போகும். பஞ்சமி என்றால் 5 × 48 = 240 நிமிடம், அதாவது மாலை 4 மணி வாக்கில் உச்ச ஏற்றம். அஷ்டமிக்கு மாலை 6 மணியைத் தாண்டும். ஏற்றத்திலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் முழு வற்றம். அரை மணி முன்பின் ஆகலாம், துல்லியம் வேண்டுமானால் ஓத (கடல் ஏறி வற்றும் நேர) அட்டவணை பாருங்கள். நாளைத் தேர்ந்தெடுக்க இது போதும்.

குடும்பத்தோடு மாலை நேரம் போக சதுர்த்தி முதல் சஷ்டி வரை நல்ல நாட்கள், வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் சரி. 3-இலிருந்து 5 மணிக்குள் நீர் உச்சத்துக்கு வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது மெல்ல இறங்க ஆரம்பிக்கும். கழுவி விட்ட மாதிரி ஈர மணல் கிடைக்கும், தண்ணீரும் கிட்டவே இருக்கும். டிசம்பர் கடைசியில் சூரியன் 6 மணியைக் கொஞ்சம் தாண்டி மறையும். பௌர்ணமி அன்று மாலை போனால் நேர் எதிர்: 6 மணிக்கு முழு வற்றம், வெறும் சேறு.

வசாய் காவிலிருந்து கிட்டே இருப்பது சுருச்சி பாக். சவுக்குத் தோப்பு நிழல் இருக்கிறது, அப்பா அங்கேயே உட்காரலாம். புயிகாவ், ரான்காவ், களம்ப், ராஜோடி எல்லாம் இதே வரிசையில் வடக்கே. களம்ப், ராஜோடிக்கு நாலாசோபாரா ஸ்டேஷன்தான் வசதி.

கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். வற்றத்தில் சேற்றைத் தாண்டி உள்ளே நடந்து போகவே கூடாது. நீர் திரும்பி ஏறும்போது நேர் கோட்டில் வராது. கரைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள பள்ளங்களை முதலில் நிரப்பிக்கொண்டுதான் வரும். நிற்கும் இடம் காய்ந்திருக்கிறதே என்று இருப்போம், முதுகுக்குப் பின்னால் வழி போயிருக்கும்.

#10 டோம்பிவ்லி_வாசகி

பயனுள்ள இழை. டோம்பிவ்லியிலேருந்து வர்றதுக்கு தாதர் போய்த்தான் சுத்தணுமா? திவா லைன் நல்லா இருக்குமா?

#11 விரார்_ஃபாஸ்ட்

தாதர் போக வேண்டாம் அக்கா. டோம்பிவ்லிக்கு அடுத்த ஸ்டேஷன் கோபர், அங்கே மேல் பிளாட்பாரத்துக்கு ஏறினால் திவா–வசாய் ரோடு மெமு வண்டி. பிவண்டி ரோடு, காமண் ரோடு, ஜூசந்திரா வழியாக வசாய் ரோடுக்கே வந்து சேரும். வயல், உப்பளம், மலை என்று வழியும் நன்றாக இருக்கும்.

ஒரே சிக்கல், லோக்கல் மாதிரி அடுத்தடுத்து வராது. நாளைக்குச் சில வண்டிகள்தான். ஒன்றைத் தவறவிட்டால் சில மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். போகும் வண்டியைவிடத் திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நாளை அமையுங்கள். கடைசி வண்டி போய்விட்டால் தாதர் வழிதான், வீடு சேர ராத்திரி ஆகிவிடும்.

#12 பௌத்தப்_பாதை

சோபாரா ஸ்தூபிக்காக ஒரு வார்த்தை. வெறும் செங்கல் மேடுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நாலாசோபாரா மேற்கில் இறங்கினால் ரிக்‌ஷாவில் சில நிமிடம், பார்க்க அரை மணி நேரம் போதும். சமதரை, அப்பாவுக்கு ஒரு சிரமமும் இல்லை.

1882-இல் பகவான்லால் இந்திரஜி இந்த மேட்டைத் தோண்டினார். நடுவில் செங்கல் அறை, அதற்குள் பெரிய கல் பேழை. பேழைக்குள் செம்பு, அதற்குள் வெள்ளி, கல், பளிங்கு, கடைசியில் தங்கம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகள். தங்கப் பெட்டியில் பிட்சைப் பாத்திரத் துண்டுகளும் தங்கப் பூக்களும். செம்புப் பெட்டியைச் சுற்றி எட்டு வெண்கலப் புத்தர் உருவங்கள். அவை பிற்காலத்தவை, யாரோ திறந்து வைத்துவிட்டு மறுபடி மூடியிருக்கிறார்கள். அந்தப் பொருட்கள் மும்பை ஏஷியாட்டிக் சொசைட்டியிடம் இருக்கின்றன.

அசோகரின் எட்டாம் பாறைக் கட்டளைத் துண்டு அதே 1882-இல் இங்கே கிடைத்தது. ஒன்பதாம் கட்டளைத் துண்டு 1956-இல் புயிகாவில் கிடைத்தது. இன்றைக்கு ஷேர் ரிக்‌ஷாவும் குடியிருப்பும் நெருக்கும் இந்த ஊர், அன்றைக்குப் பெரிய துறைமுகம். கிரேக்கக் கடலோடிகளின் பெரிப்ளஸ் குறிப்பேட்டில் ‘சுப்பாரா’ என்று வருவது இதுதான். முசிறியைப் பற்றிப் பேசும் அதே ஏடு. அதனால் நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கட்டளைத் துண்டை நேரில் பார்க்க வேண்டுமானால் கோட்டையிலுள்ள… மன்னிக்கவும், மும்பை ஃபோர்ட் பகுதியிலுள்ள சத்ரபதி சிவாஜி மஹாராஜ் வாஸ்து சங்கிரஹாலயாவுக்குப் போக வேண்டும். இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

#13 செம்பூர்க்காரி

அம்மாவுக்கு ஜீவ்தானி மேல ஆசை. படி ஏறாம போக முடியுமா? அர்னாளா தீவுக் கோட்டையும் ஒருத்தர் சொன்னாங்க.

#14 விரார்_ஃபாஸ்ட்

ஜீவ்தானி விரார் கிழக்கு. சுமார் 1,300 படி. மேலே போக ரோப்வே இருக்கிறது, அதில் ஏறினால் படி ஏறும் வேலை பெரும்பாலும் மிச்சம். ஆனால் பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்கள் உண்டு, கிளம்பும் முன் விசாரியுங்கள். கூட்ட நாளில் ரோப்வே வரிசையில் நிற்பதே படி ஏறும் அளவுக்கு அசதி. நவராத்திரி, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வாரநாள் காலை சீக்கிரம் என்றால் நல்லது, வெயில் ஏறியதும் மேலே பாறை சுடும். இதை வசாய் நாளோடு சேர்க்காதீர்கள், அம்மாவுக்காகத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

#15 ஓதம்_பார்ப்பவன்

அர்னாளாவுக்கு உங்கள் அப்பாவைக் கூட்டிப் போக வேண்டாம் என்பேன். விரார் மேற்கிலிருந்து பஸ்ஸோ ரிக்‌ஷாவோ பிடித்து அர்னாளா கடற்கரை, அங்கிருந்து படகு. கடப்பது சில நிமிடம்தான். கஷ்டம் ஏறுவதில். நீர் குறைவான நேரத்தில் படகு கரையை ஒட்டாது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய், ஆடும் படகின் பக்கப் பலகையைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட வேண்டும். முட்டி வலிக்காரருக்கு அந்த ஓர் அசைவுதான் முடியாது.

முடிந்தவர்கள் அவசியம் போங்கள். 1737-இல் மராத்தியர் புதுப்பித்த கோட்டை. வாசலில் யானையும் புலியும் செதுக்கி, பாஜிராவ் பெயரோடு கல்வெட்டு இருக்கிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர், உள்ளே எண்கோணக் குளத்தில் நல்ல தண்ணீர். தீவில் கோலி மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அது அவர்கள் வீட்டு முற்றம், கருவாடு காயப்போட்ட இடத்தை மிதிக்காமல் ஓரமாக நடக்க வேண்டும். இறங்கும்போதே கடைசிப் படகு எப்போது என்று படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

#16 வாழைத்தோட்டம்

சாப்பாடு பத்தி ஒருத்தரும் சொல்லலை, நான் சொல்றேன்.

சைவம்னா ஸ்டேஷன் மேற்கு, மாணிக்பூர், அம்பாடி ரோடு பக்கமே முடிச்சிடுங்க. கோட்டைகிட்ட வடாபாவ், கோலா, இளநீர் அளவுக்குத்தான். புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போறதுதான் உத்தமம், சுருச்சி பாக் தோப்புல உட்கார்ந்து சாப்பிடலாம். இலை, பேப்பர் தட்டை அங்கே போட்டுட்டு வராதீங்க.

வாங்கிட்டு வர வேண்டியது சுகேளி. வசாயின் ராஜேளி வாழை, நம்ம நேந்திரம் வகையைச் சேர்ந்தது. நல்லாப் பழுத்ததைத் தோல் உரிச்சு, நாள்கணக்கா வெயில்ல காயவச்சு, காஞ்ச வாழைச் சருகுல சுத்திக் கட்டி விப்பாங்க. சர்க்கரை சேர்க்கறதில்லை, பழத்தோட இனிப்புதான். வாங்கும்போது ஒண்ணை வளைச்சுப் பாருங்க. ஒடியாம வளையணும், தேன் நிறமோ கொஞ்சம் கருத்தோ இருக்கணும், விரல்ல லேசா ஒட்டணும். கல்லு மாதிரி இருந்தா பழசு. சருகுக்கு உள்பக்கம் வெள்ளையாப் பூத்திருந்தா பூஞ்சை, ஈரம் போகறதுக்கு முன்னாடியே கட்டிட்டாங்கன்னு அர்த்தம். மழைக்காலத்துல வெயில் இல்லாததால புதுசு கிடைக்காது, டிசம்பர் சரியான சமயம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலேருந்து எடுத்து டப்பாவுல வச்சிடுங்க, இல்லேன்னா வேர்த்துக் கெட்டுப்போகும்.

அசைவம் சாப்பிடறவங்க கிழக்கிந்தியக் கத்தோலிக்கர் (ஈஸ்ட் இண்டியன்னு சொல்ற, மும்பைக் கரையோட பூர்வீகக் கிறிஸ்தவங்க) சமையலைத் தேடுங்க. பாட்டில் மசாலான்னு ஒண்ணு: ஏப்ரல், மே வெயில்ல 20-க்கும் மேல சாமான்களைக் காயவச்சு, தனித்தனியா வறுத்து, இடிச்சு, பாட்டில்ல திணிச்சு வருஷம் பூரா வச்சுக்குவாங்க. அது போட்ட குழம்புக்கு ஃபூகியாங்கற உப்பின உருண்டை ரொட்டி ஜோடி. இதெல்லாம் கிறிஸ்துமஸ் சமயத்துல வீட்டுக்காரங்க ஆர்டர் எடுத்துத் தர்றதுதான் நல்லா இருக்கும்.

நீங்க வர்றது டிசம்பர் கடைசி வாரம்கறதால இன்னொண்ணு. பாப்டி, நந்தாகால், கிரிஜ் ஊர்ச் சந்துகள்ல வீட்டுக்கு வீடு குடில் கட்டி, நட்சத்திரம் தொங்கவிட்டிருப்பாங்க. பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும். இருட்டினப்புறம்தான் அழகு. சந்து குறுகல், ரிக்‌ஷாவை மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடங்க.

#17 செம்பூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. இப்போ இப்படி யோசிச்சிருக்கேன்: வாரநாள், காலைல கோட்டை, மதியம் சாப்பாடு, சாயங்காலம் சுருச்சி பாக், திரும்பி ஸ்டேஷன். ஸ்தூபிய எங்க சேர்க்கறது? சாயங்காலம் ஸ்டேஷன் ரோடு நெரிசல்ல அப்பாவை வச்சுக்கிட்டு 7 கி.மீ. வரணுமேன்னும் ஒரு யோசனை.

#18 விரார்_ஃபாஸ்ட்

ஸ்தூபியை முதலில் வையுங்கள். வசாயில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷன் நாலாசோபாரா வரை வந்து, 8 மணிக்கெல்லாம் ஸ்தூபியைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ரிக்‌ஷாவில் உள் ரோடு வழியாக வசாய் காவ். ஸ்டேஷன் பக்கமே போக வேண்டாம், 10 மணிக்கு முன்னால் கோட்டைக்கு வந்துவிடலாம். டிபனை நாலாசோபாரா ஸ்டேஷன் மேற்கிலேயே முடித்துவிடுங்கள்.

திரும்புவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கோட்டை ஜெட்டியிலிருந்து பாயந்தர் மேற்குக்கு 2024 பிப்ரவரி முதல் ரோரோ படகு ஓடுகிறது. கழிமுகத்தைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும், ரிக்‌ஷா, கார் எல்லாம் ஏறும் தட்டைப் படகு. அர்னாளா மாதிரி தண்ணீரில் இறங்கும் வேலை கிடையாது, சரிவுப் பலகையில் நடந்தே ஏறலாம். பாயந்தர் ஜெட்டியிலிருந்து ஸ்டேஷன் கிட்டேதான், அங்கிருந்தே புறப்படும் லோக்கல்களும் உண்டு, உட்கார இடம் கிடைக்கும்.

#19 ஓதம்_பார்ப்பவன்

ரோரோ நேரமும் ஓதத்தை ஒட்டி மாறும் என்பதால் காலையில் கோட்டைக்குள் நுழைந்ததும் ரிக்‌ஷாவை நேரே ஜெட்டிக்கு விட்டு அன்றைய மாலைப் படகு நேரங்களைக் கேட்டுவிடுங்கள். கடைசிப் படகு 6 மணிக்கு முன்னால் என்றால் வரிசையை மாற்றுங்கள்: கோட்டையில் நில வாசல் பக்கத்தை மட்டும் காலையில் பார்த்துவிட்டு, சாப்பாட்டையும் சுருச்சி பாக்கையும் 3 மணிக்குள் முடித்து, கடல் வாசலையும் ஜோசஃப் கோபுரத்தையும் படகுக்குப் போகும் வழியில் பாருங்கள். அந்த வரிசைக்குத் திரிதியை, சதுர்த்தி நாட்கள் பொருந்தும், நீர் 2:30 மணியிலிருந்து 3:15 மணிக்குள் உச்சத்தில் இருக்கும். டிசம்பர் கடைசி வாரக் காலண்டரைக் கிழிக்காமல் திருப்பிப் பார்த்துத் திதியைச் சொல்லுங்கள், எந்த நாள் என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.